பச்சைச் சாணமா, மக்கிய எருவா? மலைச்சரிவு மண்ணுக்கு எது நல்லது?

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணி வழியாக மேலே ஏறினால் மா, இலவம், காபி, மிளகு, ஏலம் என்று பயிர் மாறிக்கொண்டே வரும். கொழுக்குமலைப் பக்கம் போனால் புல்வெளிச் சரிவுகள். இயற்கை விவசாயம்னு சொன்னாலே 'சாணம் போட்டா போதும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சாணத்தை எப்படிப் பக்குவப்படுத்துகிறோம், எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால்?

அது மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளலாம். அதனால் செடி சில வாரம் வெளிறி நிற்கும். மாடு தின்ற களை விதைகளும் தோட்டத்தில் முளைக்கும். சரிவில் ஒரு பெருமழை வந்தால் பாதி சாணம் ஓடைக்குப் போய்விடும், குடிநீரும் கெடும்.

மக்கிய எரு என்ன செய்யும்?

குவியல் நன்றாகச் சூடேறி மக்கினால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம்தான், அதாவது ஒரு டன்னுக்கு 5 கிலோ. அது மெதுவாகக் கிடைக்கும். கூடவே மண் பொலபொலப்பாகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேர் மேலாகவே ஓடும் ஏலச்செடிக்கு இது பெரிய உதவி.

கிடை போடுவது?

தேனி மாவட்டத்து மலைமாடுகளை இரவில் வயலில் அடைப்பது பழைய வழக்கம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில் போகிறது. கிடையில் அது நேராக மண்ணில் இறங்கும், உடனே உழுதால் ஆவியாகி வீணாவதும் குறையும். ஆனால், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. மேய்ச்சல் குறைந்தால் மாடு குறையும், எருவும் குறையும். இருக்கிற சாணத்தை வீணாக்காமல் இருப்பது இப்போது இன்னும் முக்கியம்.

மலைப் புல்வெளிக்கும் எரு போடலாமா?

வேண்டாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856-ல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. எதுவுமே போடாத பகுதிகளில் சுமார் 40 வகைச் செடிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு இல்லாமல் அமோனியம் சல்பேட் அதிகமாகக் கொட்டிய இடத்தில் மண் அமிலமாகி, மிஞ்சியது இரண்டு மூன்று வகைப் புல்தான். தொழு உரம் போட்ட இடத்தில் மண் அப்படிக் கெடவில்லை, விளைச்சலும் கூடியது. ஆனாலும் செடி வகைகள் குறைந்தன. சத்து கூடினால் வேகமாக வளரும் சில புற்கள் மற்றவற்றை மூடிவிடும். தீவனத்துக்காக வளர்க்கும் புல்லுக்கு எரு லாபம், இயற்கைப் புல்வெளிக்கு அது நஷ்டம்.

அப்போ என்ன செய்யலாம்?

* குவியலை ஓடையை விட்டுத் தள்ளி, நிழலான மேட்டில் வையுங்கள். மேலே இலைதழை போட்டு மூடுங்கள்.
* ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். அப்போது காண்டாமிருக வண்டின் புழு இருந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள்.
* சாண வாடை போய், மண் வாசனை வந்தால் எரு தயார்.
* அடைமழையில் போடாதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது தூரைச் சுற்றிப் பரப்பி, சருகால் மூடுங்கள். ஆழமாகக் கொத்தினால் வேர் அறுந்துவிடும், கவனம்.