தண்டவாளம் முடியும் இடத்தில் கடல் (வடதிசைப் பயணங்கள் – 11)

சென்ற வாரம் ஃபின்சே நிலையத்தில் நிறுத்தியிருந்தோம். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரம். நார்வேயில் அதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. ஆஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் அந்தப் பாதை 1909-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே பாதையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் மிர்டால் வரும். ஊர் என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. ஒரு நிலையம், சில கட்டடங்கள், சுற்றிலும் பாறை. காரில் போய்ச் சேரவும் வழியில்லை. ஆனாலும் கோடையில் அந்த நடைமேடையில் கூட்டம் நெரியும். எல்லோரும் காத்திருப்பது பச்சை நிறப் பெட்டிகளோடு வந்து நிற்கும் ஃப்ளோம் ரயிலுக்காக.

மிர்டாலிலிருந்து ஃப்ளோம் வரை 20 கிலோமீட்டர்தான். அதற்குள் ரயில் 865 மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும். பெரும்பகுதி தூரம் 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் சரிவு. இத்தனைக்கும் நடுவில் பல்சக்கரம் கிடையாது, இழுத்துப் பிடிக்கும் கம்பிவடமும் கிடையாது. மற்ற ரயில்களைப் போலவே வழவழப்பான தண்டவாளம், வழவழப்பான சக்கரம். இரும்பின் மேல் இரும்புக்குள்ள பிடிமானத்தை நம்பித்தான் இறங்குகிறது. பிரேக்குகள் மட்டும் ஒன்றுக்குப் பல, தனித்தனியாக இயங்குபவை.

நேராக இறங்க மலை இடம் கொடுக்கவில்லை. அதனால் பாதை பாறைக்குள் புகுந்து, உள்ளேயே வளைந்து, வந்த திசைக்கே முகம் திருப்பி வெளியே வருகிறது. மொத்தம் 20 சுரங்கப்பாதைகள். அவற்றில் 18-ஐ மனிதர்கள் கையால் குடைந்தார்கள். உளியும் சம்மட்டியும் கொண்டு துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்து, கல்லை அள்ளி வெளியே கொண்டுவந்து கொட்டி, ஒரு மீட்டர் முன்னேற ஏறத்தாழ ஒரு மாதம். சுரங்கங்களின் மொத்த நீளமோ கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். 1924-ல் தொடங்கிய வேலை 1940 வரை நீண்டதில் வியப்பில்லை. பள்ளத்தாக்கின் ஆற்றைப் பாதை மூன்று இடங்களில் கடக்கிறது. பாலம் கட்டவில்லை, ஆற்றையே பாறைக்குள் குடைந்த வழியில் திருப்பிவிட்டார்கள்.

இந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அருவிகளைப் பற்றியே பேசுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வரும்போது படம் எடுக்கிறார்கள், சுரங்கம் வந்ததும் கைபேசியைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த இருட்டில்தான் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஜன்னலை உரசுவதுபோல் ஓடும் கரடுமுரடான சுவரில் உளி படாத இடம் கிடையாது.

வழியில் ஷோஸ்ஃபோசன் என்ற அருவியருகே ரயில் சில நிமிடம் நிற்கும். இறங்கி நின்றால் சாரல் சட்டையை நனைத்துவிடும். கோடையில் சிவப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி பாறை மேல் தோன்றி ஆடுவாள். நார்வேக்காரர்களின் கதைகளில் வரும் மோகினியான ஹுல்ட்ரா அவள். அருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்தப் பாதைக்கு மின்சாரம் தருவதற்கென்றே இங்கே ஒரு மின்நிலையம் கட்டினார்கள். 1944-ல் மின் ரயில் ஓடத் தொடங்கியது.

வேடிக்கை பார்ப்பதற்காக யாரும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். சோக்ன் வட்டாரத்து மக்களுக்குக் கடல்தான் சாலை. மலைகளுக்கு நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே நீண்டு கிடக்கும் சோக்னஃபியோர்டின் கரைகளில் ஊர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் படகில்தான் போக முடியும். 1858 முதல் அந்த வட்டார நிர்வாகமே நீராவிக் கப்பல்களை விட்டது. அந்தக் கப்பல்கள் வந்து நிற்கும் துறையைப் பெர்கன் ரயில்பாதையோடு இணைப்பதுதான் ஃப்ளோம் ரயிலின் நோக்கம். பயணிகளும் தபாலும் சரக்கும் ரயிலிலிருந்து கப்பலுக்கு மாற வேண்டும். அதனால்தான் தண்டவாளம் துறைமுகத்தை ஒட்டி முடிகிறது. இன்றைய சுற்றுலாப் பயணி ரயிலை விட்டு இறங்கிச் சில எட்டு வைத்தவுடன் படகு ஏறுவது அந்தப் பழைய ஏற்பாட்டின் பலன்.

படகு முதலில் அவுர்லாந்து கிளையில் போகிறது. பிறகு இடப்பக்கம் திரும்பி நேரோய்ஃபியோர்டுக்குள் நுழைகிறது. மிகக் குறுகிய இடத்தில் இதன் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழும் பாறைச் சுவர்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதைச் செதுக்கியது பனி. பனியுகங்களில் பனியாறுகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே நகர்ந்து, அடித்தரையைக் கடல் மட்டத்துக்கும் கீழே அரித்துக்கொண்டே போயின. உள்நாட்டில் பனி தடித்திருந்ததால் அங்கே ஆழம் அதிகம். கடலை நெருங்கியதும் பனி பரவி மெலிந்து, அரிக்கும் வலுவை இழந்தது. அதனால் சோக்னஃபியோர்டின் உட்பகுதி 1,300 மீட்டர் ஆழமாகவும், கடலைத் தொடும் வாய் 200 மீட்டருக்கும் குறைவாகவும் இருக்கிறது. பனி உருகி விலக, கடல் உள்ளே வந்து நிறைந்தது.

கரையில் ஆங்காங்கே வீடுகள் தெரியும். உன்ட்ரெடாலில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம்; அதன் ஆட்டுப்பால் சீஸுக்கு நாடெங்கும் பெயர். அந்த ஊருக்குச் சாலை வந்ததே 1988-ல்தான். ஸ்டீவிக்கு இன்றும் சாலை கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் தலைநகருக்கும் பெர்கனுக்கும் இடையே தபால் இந்த வழியாகத்தான் போயிற்று. குளிர்காலத்தில் நீர் உறைந்து படகு நின்றுபோனால் தபாலைக் கரையோரமாகச் சுமந்து போன பாதையின் ஒரு பகுதி இன்னும் அங்கே இருக்கிறது. கூட்டமாக வருகிற நாம் இந்த இடங்களை ஆளில்லாத வனாந்தரமாக நினைத்துப் படம் எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இது தலைமுறை தலைமுறையாக மக்கள் புழங்கிய தெரு.

அந்தத் தெருவில் புகை மண்டியது நம்மால்தான். காற்று அசையாத நாள்களில் கப்பல்களின் புகை மலைச்சுவர்களுக்கு நடுவே தேங்கி நிற்கும். மேலேறிக் கலைய வழியிருக்காது. 2018-ல் நார்வே நாடாளுமன்றம், உலகப் பாரம்பரியப் பட்டியலிலுள்ள ஃபியோர்டுகளில் சுற்றுலாக் கப்பல்களும் படகுகளும் புகையே வெளியிடக் கூடாது என்று தீர்மானித்தது. 2026 தொடக்கத்திலிருந்து சிறிய, நடுத்தரக் கப்பல்களுக்கு அது விதி; பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். இந்த அவகாசம் எனக்கு உடன்பாடில்லை. அதிகப் புகை விடுவது பெரிய கப்பல்தானே?

தீர்மானம் வந்த அதே ஆண்டிலேயே 400 பேர் ஏறக்கூடிய, முழுக்க பேட்டரியில் ஓடும் படகு இங்கே ஓடத் தொடங்கிவிட்டது. எஞ்சின் அதிர்வு இல்லாததால் பாறையிலிருந்து விழும் தண்ணீரின் சத்தம் தளத்தில் நிற்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பயணம் முடியும் குட்வாங்கெனில் இவ்வளவு பெரிய படகுக்கு வேகமாக மின்னேற்றும் வலு உள்ளூர் மின்கம்பிகளுக்கு இல்லை. அதற்காக நீரில் மிதக்கும் துறை ஒன்றைக் கட்டி, அதற்குள் பேட்டரிகளை அடுக்கியிருக்கிறார்கள். அவை நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருந்து, படகு வந்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடும்.

குட்வாங்கெனில் ரயில் கிடையாது. பேருந்து ஏறி வோஸ் போனால் பெர்கன் பாதை மறுபடி கிடைக்கும். வோஸுக்கும் பெர்கனுக்கும் இடையிலான அந்தப் பகுதி 1883-லேயே குறுகிய பாதையாகத் திறக்கப்பட்டது. மலைக்கு அப்பால் கொண்டுபோவதா வேண்டாமா என்று நாடே வாதிட்ட கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)