இடிபாடும் டாலரும் – 11: கோதுமை தீர்ந்தது, காசு தீரவில்லை

போரில் இடிந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டம் ஏன் வந்தது, ஸ்டாலின் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதெல்லாம் சென்ற வாரமே முடிந்த கதை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கவும். இந்த வாரம் ஆப்கானிஸ்தான் என்று சொல்லியிருந்தேன். காபூலுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு வங்கிக் கணக்கு காலைப் பிடித்துக்கொண்டது.

1948 ஏப்ரல். அமெரிக்க அதிபர் ட்ரூமன் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட சில நாட்களில், டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து 'ஜான் ஹெச். க்விக்' என்ற கப்பல் 9,000 டன் கோதுமையோடு பிரான்ஸின் போர்தோவுக்குப் புறப்பட்டது. அமெரிக்கா சும்மா கொடுத்த கோதுமை. ஆனால், பிரான்ஸில் எவருக்கும் அது சும்மா கிடைக்கவில்லை! ரொட்டி வாங்கியவர் பேக்கரிக்காரருக்குக் காசு கொடுத்தார். அவர் மாவு மில்லுக்குக் கொடுத்தார். மில்காரர் கோதுமைக்குக் கொடுத்தார். எல்லாமே பிராங்க். அந்தப் பிராங்க் எங்கே போயிற்று?

டாலரில் பெரும்பகுதி அமெரிக்காவை விட்டு நகரவே இல்லை. சரக்கு விற்ற அமெரிக்கர்களுக்கு வாஷிங்டனே பட்டுவாடா செய்துவிட்டது. ஐரோப்பாவில் வசூலான உள்ளூர்ப் பணமோ, அந்தந்த அரசின் பெயரில் தனிக் கணக்கில் ஏறியது. மானியமாக வந்த ஒவ்வொரு டாலருக்கும் ஈடான தொகை அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. 5 சதவீதம் அமெரிக்காவின் சொந்தச் செலவுக்கு. (அந்த 5 சதவீதத்தில் சிஐஏ கைவைத்த கதைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.)

இந்தக் கணக்கை எப்படிச் செலவழித்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு நாட்டின் குணமும் தெரிகிறது. திட்டத்தில் அதிகம் வாங்கிய பிரிட்டன், பெரும்பகுதியை அரசின் பழைய கடனைக் குறைக்கப் போட்டது. பிரான்ஸ் மின்சாரம், நிலக்கரி, ரயில் என்று முதலீடு செய்தது. மேற்கு ஜெர்மனி செய்த காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அது பணத்தை வட்டிக்கு விட்டது.

1948இல் பிராங்பர்ட்டில் கேஎஃப்டபிள்யூ என்ற வங்கி பிறந்தது. போரில் இடிந்ததைக் கட்டுவதற்கென்றே ஆரம்பித்த அரசு வங்கி. மார்ஷல் பணம் அதன் வழியாகச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் வீடு கட்டவும் கடனாகப் போயிற்று. திரும்பி வந்ததும் அடுத்தவருக்குப் போயிற்று. நம்மூர் மகளிர் குழுக்களின் சுழல்நிதி மாதிரிதான். மொத்தம் சுமார் 1,300 கோடி டாலரோடு மார்ஷல் திட்டம் 1951 கடைசியில் முடிந்துவிட்டது. ஜெர்மனியின் அந்த நிதி முடியவில்லை. 'ஈஆர்பி சிறப்பு நிதி' என்ற பெயரில் (ஈஆர்பி என்பது மார்ஷல் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரின் சுருக்கம்) இன்றும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் தருகிறது.

வங்கியை ஆரம்ப காலத்தில் நடத்திய ஹெர்மன் யோசஃப் ஆப்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாஜிக் காலத்தில் டாய்ச்ச வங்கியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். 1953இல் லண்டனில் ஜெர்மனியின் பழைய கடன்களுக்காகப் பேரம் பேசி, ஏறத்தாழப் பாதியைத் தள்ளுபடி செய்ய வைத்தவரும் அவரே. கொடுத்த கடனை வசூலிக்கவும் தெரியும், வாங்கிய கடனைக் கரைக்கவும் தெரியும்.

சென்னையில் ஓடும் புதிய தாழ்தளப் பேருந்துகள் கேஎஃப்டபிள்யூ கடனில் வாங்கியவை. அது மார்ஷல் காசு அல்ல. வங்கி மட்டும் அதே வங்கி. உதவி வாங்கப் பிறந்த நிறுவனம் உலகத்துக்குக் கடன் கொடுக்கிறது என்பதை, ஜன்னலோர சீட் கிடைத்தால் யோசித்துப் பாருங்கள்.

டாலர் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. ஜெர்மனியில் கட்டடங்கள்தான் விழுந்திருந்தன. கடன் மனுவைப் படித்துப் பார்க்கும் குமாஸ்தாவும், சுரங்கம் தெரிந்த பொறியாளரும், தவணை கேட்டு நோட்டீஸ் அனுப்பும் அலுவலகமும் மிச்சமிருந்தன. அவர்கள் இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்டினால்?

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா கொட்டியது, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், மார்ஷல் திட்டத்தையே மிஞ்சிவிட்டது என்று 2014இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கை தந்தது. அந்தப் பணத்தில் ஒரு செலவு: ஆப்கன் விமானப் படைக்காக இத்தாலியில் வாங்கிய 20 சரக்கு விமானங்கள். அவற்றில் 16ஐ உடைத்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 32,000 டாலர். யார் வாங்கினார்கள், ஏன் பறக்கவில்லை, யார் பதில் சொன்னார்கள் என்பது, வேறெந்தக் கணக்கும் குறுக்கே வராவிட்டால், அடுத்த வாரம்.

(தொடரும்)