பூரண நாட்டமும் பூரணப் பித்தும்

எடுத்த காரியத்தைக் குறைவின்றி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் மேலானது என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. அரைகுறை வேலையினால் நம் நாடு அடைந்திருக்கும் நஷ்டம் கொஞ்சமல்ல. ஆனால் இந்த உயர்ந்த எண்ணத்துக்கும் ஒரு போலி உண்டு. அசல் எது, போலி எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அசலானது காரியத்தை வளர்க்கும். போலியோ காரியத்தையும் கெடுத்து, அதைச் செய்பவனையும் கெடுத்துவிடும். முன்னதைப் பூரண நாட்டம் என்றும், பின்னதைப் பூரணப் பித்து என்றும் நாம் அழைக்கலாம்.

ஆக்டன் பிரபு (1834-1902) என்ற ஆங்கிலச் சரித்திராசிரியரின் கதை, பொது வாழ்வில் ஈடுபட்டோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மனித சமூகத்தின் சுதந்திர சரித்திரத்தை எழுதுவதே தமது வாழ்க்கைப் பணி என்று அவர் கொண்டிருந்தார். அதற்காக அவர் திரட்டிய புத்தகங்கள் சுமார் 60,000. 1877ல் அந்தப் பொருள் பற்றி இரண்டு பிரசங்கங்களும் செய்தார். ஆனால் இன்னும் ஒரு நூலைப் படிக்க வேண்டும், இன்னும் ஓர் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆண்டுகள் கழிந்தன. 1902ல் அவர் காலமானபோது குறிப்புகள் குவிந்திருந்தன. சுதந்திர சரித்திரம் பிறக்கவில்லை. அதிகாரம் மனிதரைக் கெடுக்கும் இயல்புடையது என்ற அவருடைய கருத்தை இன்று உலகமே எடுத்தாளுகிறது. அதுவும் 1887ல் கிரைட்டன் என்ற பாதிரியாருக்கு அவர் எழுதிய கடிதத்தில் உள்ளதேயன்றி, அந்தப் பெருநூலில் உள்ளதன்று.

அதே 1887ல் நம் தமிழ்நாட்டில் ஒரு புத்தகம் வெளிவந்தது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பே அது. 1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகே ஐயர் அந்நூலை ஆராயத் தொடங்கினார். ஏட்டுக்கு ஏடு பாடபேதம். சமண சமயக் கருத்துக்களோ அவருக்குப் புதியவை. அவற்றைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவர் கூசவில்லை. ஊரிலிருந்த ஜைனர்களை நாடிச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓர் எழுத்துக்காக ஏடுகளை மீண்டும் மீண்டும் ஒப்பிட்ட அவரைவிடத் திருத்தத்தில் பற்றுள்ளவர் யார்? ஆயினும் சந்தேகம் யாவும் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நூலை வெளியிட்டார், மேலும் ஆராய்ந்தார், 1907ல் திருத்தங்களுடன் மறு பதிப்புக் கொண்டுவந்தார். முதல் பதிப்பில் பிழை இருக்கக்கூடும் என்ற அச்சம் அவர் கையைக் கட்டியிருந்தால், அந்தக் காவியம் இன்னும் எத்தனை காலம் ஏட்டிலேயே கிடந்திருக்குமோ!

இருவருடைய லட்சியமும் உயர்ந்ததே. உழைப்பிலும் இருவரும் சளைத்தவர்களல்லர். ஆகவே லட்சியத்தின் உயரத்தை அளந்து பித்தைக் கண்டுபிடிக்க முடியாது. பிழையை ஒருவன் எப்படிப் பார்க்கிறான் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பூரண நாட்டமுள்ளவன் பிழை கண்டால் வேலையைத் திருத்துகிறான். பித்துப் பிடித்தவன் தன்னையே சபித்துக்கொள்கிறான். வேலையை ஒளித்து வைக்கிறான். அல்லது தொடங்காமலே ஒத்திப்போடுகிறான். முன்னவனுக்கு வேலை முடிந்ததும் ஒரு திருப்தி உண்டு. பின்னவனுக்கு வெற்றியும் ஆறுதல் தருவதில்லை. அடுத்த தோல்வியைப் பற்றிய திகிலே மிஞ்சுகிறது.

மனோதத்துவ நிபுணர்களின் ஆராய்ச்சியும் இதற்கு அனுசரணையாகவே இருக்கிறது. உழைப்பில் இன்பம் காண்பவர், எதிலும் திருப்தியடையாதவர் என்று 1978ல் அமெரிக்க நிபுணர் ஹாமசெக் இரு பிரிவு செய்தார். சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி தமது அளவுகோலைத் தளர்த்திக்கொள்ள முன்னவரால் முடியும். பின்னவரால் முடியாது என்றார். 1991ல் கானடாவைச் சேர்ந்த ஹெவிட், பிளெட் என்ற இருவர் மூன்று வகைகளை எடுத்துக் காட்டினர்: தன்னிடம் பூரணத்தை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று அஞ்சி வாழ்வது. 2019ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கானடா, பிரிட்டன் ஆகிய தேசங்களின் கல்லூரி மாணவர்கள் 41,000 பேருக்கு மேற்பட்டோரின் விடைகளைத் தொகுத்துப் பார்த்தது. மூன்று வகைகளுமே வளர்ந்திருந்தன. அவற்றுள் மிக அதிகமாக, 33 சதவிகிதம், வளர்ந்தது மூன்றாவது வகை. மனச்சோர்வுக்கும் கலக்கத்துக்கும் நெருங்கிய உறவுடையதும் இந்த மூன்றாவதே.

அன்னிய நாட்டுக் கணக்கு நமக்கெதற்கு என்று எவரேனும் கேட்கலாம். நூற்றுக்கு 98 மார்க்கு வாங்கி வந்த பையனிடம், "பாக்கி இரண்டு எங்கே?" என்று கேட்கும் தகப்பனார்கள் நம் தெருக்களில் இல்லையா? அந்தக் கேள்வி பையனுக்குக் கணக்கைக் கற்பிப்பதில்லை. மார்க்குக் குறைந்தால் வீட்டில் அன்பும் குறையும் என்ற பாடத்தையே கற்பிக்கிறது. அந்தப் பயத்துடன் வளர்பவன் பிற்காலத்தில் தப்பை ஒப்புக்கொள்ளும் துணிவை எங்கிருந்து பெறுவான்?

பொது ஊழியர்களும் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் ஒரு சொல்லுக்காக மூன்று மாதம் விவாதித்து, அதற்குள் பிரச்னையே கைநழுவிப் போன கமிட்டிகளை நாம் கண்டதுண்டு. சிறு பிழை செய்த இளந்தொண்டனைச் சபை நடுவே அவமதிக்கும் தலைவர்களையும் கண்டதுண்டு. அத்தகைய இடத்தில் பிழைகள் ஒழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. மறைந்த பிழையைத் திருத்துவார் யார்?

அசிரத்தைக்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். பாலம் கட்டுபவரும், சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியரும் தங்கள் அளவுகோலைத் தாழ்த்துவதை யாரும் சகிக்க முடியாது. ஆனால் அவர்களுடைய தொழிலிலேயே பிழையை மறைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஆகவே லட்சியம் உயர்ந்தே இருக்கட்டும். அதைக் கொண்டு வேலையை அளப்போம். மனிதனின் மதிப்பை அளக்க வேண்டாம். செய்ய வேண்டியதை உரிய காலத்தில் செய்து முடிப்பதும், கண்ட பிழையை வெட்கமின்றித் திருத்துவதுமே தேசத்துக்கு வேண்டிய பூரணம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.