செய்மதி வானொலி: சந்தா எதற்கு?

1990களில் மல்வேர்ன் வீடுகள் பலவற்றின் குசினியில் ஒரு தனி வானொலிப்பெட்டி இருக்கும். எஃப்எம் அலையோடு துணையலையாக வந்த எஸ்சிஎம்ஓ தமிழ் ஒலிபரப்பு சாதாரண வானொலியில் கேட்காது. ஒலி மங்கல்தான், ஆனாலும் ஊர்ச் செய்தியையும் மரண அறிவித்தலையும் அதில்தான் கேட்டோம்.

2005 இறுதியில் கனடாவில் செய்மதி வானொலி தொடங்கியது. மாதச் சந்தா கட்டுவதால் ஒலி துல்லியமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால், குறைந்த அலையிடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளை அடக்க ஒலியைச் சுருக்கி அனுப்புகிறார்கள். நன்றாக எடுபடும் எஃப்எம் பெரும்பாலும் அதைவிடத் தெளிவு.

சந்தாவின் பயன் தூரம்தான்: மொன்றியல் வரை ஓடினாலும் அதே அலைவரிசை கேட்கும். பாரவண்டி ஓட்டுபவருக்கு அது பெறுமதி.

வீட்டிலோ 101.3 எஃப்எம்மில் தமிழ் கேட்கக் காசில்லை. சந்தா கட்டுமுன் அலைவரிசைப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மம்மா முதலில் கேட்பது அதைத்தான்.