செம்பரம்பாக்கம் ஏரியும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் டி.வி. செய்தியில் தவறாமல் வரும் கணக்கு இது: செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பழகிய ஏரிதான். ஆனால், கன அடி மனசில் நிற்காது, லிட்டராக்கிப் பார்ப்போம். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். பெருக்கினால், ஏறக்குறைய 10,300 கோடி லிட்டர்!

2019 கோடையில் இந்த ஏரி வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு, ஒரு லிட்டரின் அருமையைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது வானத்துக்கு வருவோம். நம் பால்வீதியில் எத்தனை நட்சத்திரங்கள்? குறைந்தபட்சக் கணக்கே 10,000 கோடி. (40,000 கோடி வரை சொல்பவர்களும் உண்டு.) ஆக, நிரம்பிய செம்பரம்பாக்கம்தான் பால்வீதி என்றால், நம் சூரியன் அதில் ஒரே ஒரு லிட்டர். இப்படிப்பட்ட 'ஏரிகள்', அதாவது கேலக்ஸிகள், பிரபஞ்சத்தில் பல்லாயிரம் கோடி.

தலை சுற்றுகிறதா? இருங்கள், கீழேயும் கொஞ்சம் இறங்குவோம். ஏரியில் விரலை நனைத்து ஒரு சொட்டு எடுங்கள். 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. அந்த ஒரு சொட்டில் உள்ள நீர் மூலக்கூறுகள், ஒன்றரைக் கோடி கோடி கோடிக்கும் மேல். ஒவ்வொன்றிலும் மூன்று அணுக்கள் வேறு. அத்தனை மூலக்கூறுகளுக்கு ஈடாகச் சொட்டுகளைச் சேர்க்க இந்த ஓர் ஏரி போதாது. செம்பரம்பாக்கம் மாதிரி, நிரம்பிய ஏரிகள் 8 லட்சம் வேண்டும்.