வெயில் கொளுத்தும் ஊரில் வெயில் சத்துக்கு என்ன பஞ்சம்?

நந்தனத்தில் நமக்குத் தெரிந்த குடும்பத் தலைவி ஒருவர் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. சின்னமலைத் திருத்தலத்தில் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர். சில ஆண்டுகளாக அவருக்கு லூபஸ் என்னும் நோய். கன்னங்களில் சிவந்த தடிப்பு, மூட்டுகளில் வலி, படுத்தால் எழ முடியாத சோர்வு. மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் மற்ற மருந்துகளோடு வைட்டமின் 'டி' பொட்டலமும் இருந்தது. பொட்டலம் ஒன்றுக்கு 60,000 யூனிட். வாரம் ஒன்றாக எட்டு வாரம் பாலில் கலந்து பருகவேண்டும் என்பது கட்டளை.

எட்டு வாரம் முடிந்தது. சோர்வும் சற்றுக் குறைந்தது. அங்கேதான் வந்தது வினை. "சத்து மருந்துதானே அக்கா, கூடினால் என்ன கெட்டுவிடும்? தினம் ஒன்று சாப்பிட்டால் இந்த நோயே வேரோடு போய்விடுமாம்" என்றார் அடுத்த வீட்டுப் பெண்மணி. கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றையும் காட்டினார். மருந்துக் கடையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நம் சகோதரி நாள்தோறும் ஒரு பொட்டலம் பருகத் தொடங்கினார். இரண்டு மாதம் கழியுமுன் தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம். லூபஸ்தான் மூளையைத் தாக்கிவிட்டதென்று குடும்பமே அழுதது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது அதில் சுண்ணாம்புச் சத்து அளவு கடந்து ஏறியிருந்தது. சிறுநீரகமும் களைத்திருந்தது. பல நாள் நரம்பு வழியே நீர் ஏற்றித்தான் அவரை மீட்டார்கள்.

இந்தியாவில் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வைட்டமின் 'டி' போதுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்தன. அந்தச் சகோதரி பருகியது அதைப்போல் நூறு மடங்கு. வைட்டமின் 'சி' மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறும். 'டி' அப்படியன்று. அது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும். மருந்தை நிறுத்திய பிறகும் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், அதன் வேலை நீடிக்கும். உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குடலில் ஈர்த்து இரத்தத்தில் சேர்ப்பதே அதன் தொழில். தொழிலாளி அளவு மீறி உழைத்தால் என்ன ஆகும் என்பதை அக்குடும்பம் கண்ணால் கண்டது.

சித்திரையில் தார்ச்சாலை உருகும் சென்னையில் இச்சத்து குறைவதுதான் எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கதிரவனின் புறஊதாக் கதிர்களில் ஒரு வகை தோலின்மீது படும்போது, தோலிலுள்ள ஒருவிதக் கொழுப்புப் பொருள் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. அது கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாற்றம் பெற்ற பின்னரே உடலுக்குப் பயன்படும். அந்தக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. கறுத்த தோலுக்கு அது கூடுதல் நேரம் தேவை. காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்நேரத்தில் இக்கதிர் மிகக் குறைவு. சூரியன் உச்சியை நெருங்கும்போதே அது மிகுதி. அந்நேரத்தில் நம் குடும்பப் பெண்கள் அடுப்படியிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

நந்தனத்தையே பாருங்கள். நந்தன ஆண்டான 1952-ஐ ஒட்டி உருவாகிப் பெயர் பெற்ற இக்குடியிருப்பில் இன்று மாடிக் கட்டடங்கள் ஓங்கி நிற்கின்றன. அந்த மாடி வீடுகளில் வெயில் படும் இடம் துணி உலர்த்தும் கொடி மட்டுமே. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் திடலில் மாணவர்கள் வியர்க்க வியர்க்க ஓடுகிறார்கள். சாலைக்கு இப்பால் அவர்கள் வயதொத்த பிள்ளைகள் திரைச்சீலை இழுத்த அறைகளில் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள்.

இது வெறும் ஊகமன்று. நமக்கு மிக அருகிலுள்ள திருப்பதியில் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. நோயற்ற நகரத்தாரிடமும் கிராமத்தாரிடமும் வைட்டமின் 'டி' குறைவாகவே இருந்தது. வயலில் உழைக்கும் கிராமத்தாரைவிட நகரத்தார் நிலை மோசம். அவர்களுடைய உணவில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு என்பதையும் அம்மருத்துவர்கள் குறித்தார்கள்.

இனி நோய்க்கு வருவோம். கிருமியை எதிர்க்கவேண்டிய நம் உடலின் காவற்படை, ஆள் தெரியாமல் நம் உறுப்புகளையே தாக்குவதைத் தன்னுடல் தாக்கு நோய் என்பர். முடக்குவாதம், லூபஸ், தோல் செதிலாக உரியும் சோரியாசிஸ், தைராய்டு நோய்களுட் சில, நரம்பின் உறை அரிக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியன இந்த இனம். காவற்படையின் வெள்ளணுக்களிலும் வைட்டமின் 'டி'யை ஏற்கும் வாயில்கள் உண்டு எனத் தெரிந்ததும், மருத்துவ உலகில் பெரும் நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையை அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரியது, 2022 சனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. 50 வயது கடந்த ஆண்களும் 55 வயது கடந்த பெண்களுமாக 25,871 பேர் அதில் கலந்துகொண்டனர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 2,000 யூனிட் வைட்டமின் 'டி', மற்றவர்களுக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. ஐந்தாண்டுக்குச் சற்று மேல் கவனித்தபோது, மருந்து பெற்றவர்களில் 123 பேருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 155 பேருக்கும் இவ்வகை நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. நூற்றுக்கு 22 பங்கு குறைவு என்று செய்தித்தாள்கள் முழங்கின. கணக்கு சரிதான். ஆனால் ஏறத்தாழ 13,000 பேர் ஐந்தாண்டு விழுங்கியதில் 32 பேர் தப்பினர் என்பதும் அதே கணக்குத்தான். பின்னர் மருந்தை நிறுத்தியபோது அந்தப் பயனும் நிலைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த ஆய்வு நோய் புதிதாக வராமல் காப்பதைப் பற்றியது. நோயை ஏற்கெனவே சுமப்பவர்க்கு அது விடை தரவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கே இரு விதமாக விடை வந்திருக்கிறது. வழக்கமான மருந்தோடு நாள்தோறும் 5,000 யூனிட் தந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2023-இல் பயனில்லை என்றது. நோய் அரும்பிய நிலையிலேயே இரு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் தந்த பிரெஞ்சு ஆய்வு 2025-இல் வெளிவந்தது. இரண்டாண்டில் நோயின் அசைவு வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேரிடமும், மருந்து பெற்றவர்களில் 60 பேரிடமும் காணப்பட்டது. நல்ல செய்தி. ஆயினும் 60 பேரிடம் நோய் அசைந்துகொண்டுதான் இருந்தது என்பதை மறக்கலாகாது. 'வேரோடு போகும்' என்ற கைப்பேசிச் செய்திக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு!

அப்படியானால் இந்நோயாளிகளுக்கு மருத்துவர் ஏன் இச்சத்தை எழுதித் தருகிறார்? பெரும்பாலும் எலும்பைக் காக்கவே. இவர்களிற் பலர் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்குகிறார்கள். அது மூட்டு வலியைத் தணிக்கும், எலும்பைக் கரைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 600 முதல் 800 யூனிட் வைட்டமின் 'டி'யும், உணவும் மாத்திரையுமாக 1,000 முதல் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் சேரவேண்டும் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2022-இல் கூறியது. இரத்தத்தில் குறைவு கண்டால் சில வாரத்துக்கு மட்டும் பெரிய அளவைத் தந்து ஈடுகட்டுவர். நம் சகோதரியின் பொட்டலம் அந்த வகையைச் சேர்ந்தது.

லூபஸ் நோயாளிக்கு வெயில் சத்தை வெயிலிலேயே தேடச் சொல்வது பெருந்தவறு. அவர்களிற் பலருக்கு வெயில் பட்டாலே தோல் தடித்து, உள் உறுப்புகளிலும் நோய் கிளர்ந்தெழும். ஆவணி வெயிலில் காவியுடுத்தி, சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு வெறுங்காலுடன் நடக்கும் நம் பக்தர்களிடையே இந்நோயுள்ள இளம்பெண்களும் இருக்கக்கூடும். அவர்கள் பங்குத் தந்தையிடம் மட்டுமன்றி மருத்துவரிடமும் முன்னதாக அனுமதி கேட்பது நலம். மருத்துவரை மதிக்கச் சொல்வது சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம். மன்றாட்டையும் மருந்தையும் அது எதிரெதிரே நிறுத்தவில்லை.

சார்காய்டோசிஸ் என்னும் நோயுள்ளவர்களும், சிறுநீரகக் கல் கண்டவர்களும் மருத்துவர் சொல்லாமல் இம்மருந்தைத் தொடவே கூடாது. சார்காய்டோசிஸில் உடல் தானாகவே வைட்டமின் 'டி'யை மிகையாகக் கிளறிவிடும். மேலும், சத்து மருந்து கிடைத்துவிட்டதென்று ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற மூல மருந்தைத் தாமாக நிறுத்துவோரும் உளர். அது பொட்டல மயக்கத்தைவிடக் கொடிது.

உணவில் இச்சத்து மிகக் குறைவு. முட்டையின் மஞ்சட் கருவில் சிறிது உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் ஓரளவு உண்டு. தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை விலக்கும் நம் வீடுகளில் விலையேறிய வஞ்சிரத்துக்குப் பதிலாக மத்தியை வாங்கினால் பணமும் மிஞ்சும். மாத்திரையாயினும் பொட்டலமாயினும் வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்புள்ள உணவோடு கொண்டால்தான் நன்கு சேரும்.

நம் சகோதரி தேறிவிட்டார். இரத்தத்தில் 'டி'யின் அளவு இறங்கப் பல மாதங்கள் ஆயின. பின்பு மருத்துவர் சிறிய அளவில் நாள் மாத்திரை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அதைக் குறித்து வைப்பது அவருடைய மகளின் பொறுப்பு. வேளாங்கண்ணிக்கு நடப்பதாக நேர்ந்திருந்தவர், இம்முறை பேருந்தில் சென்று, பகலெல்லாம் நிழலில் இருந்து, இரவில் மாதாவின் தேர்பவனியைக் கண்டு திரும்பினார்.