எண்ணறிவின் தொடக்கம் இல்லத்திலே

ஒன்று முதல் பத்து வரை தடையின்றி ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஐந்து புளியங்கொட்டைகள் கேட்டால், அது கை நிறைய அள்ளித் தருவதுண்டு. எண்களின் பெயரை அறிவது வேறு. எண்ணிக்கையை உணர்வது வேறு.

ஐந்தைச் சரியாக எடுக்க, எண்ணியதைக் குழந்தை நினைவில் நிறுத்த வேண்டும். கவனம் சிதறாதிருக்க வேண்டும். ஐந்து வந்ததும் கையை நிறுத்த வேண்டும். இவற்றின் தொகுப்பே சுயகட்டுப்பாடு ஆகும். இது அதட்டலால் வருவதன்று. முறை வரும்வரை காத்திருக்கவும், தொடங்கியதை முடிக்கவும் பொறுமையுடன் பழக்கும் பெற்றோரிடமே இது செழிக்கிறது.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் ஆறு நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் வெளியான ஆய்வின்படி, பிற்காலத் தேர்ச்சியை மிகுதியாக முன்னறிவிப்பது பள்ளியில் சேரும்போதுள்ள கணித அறிவாகும். வாசிப்புத் திறனும் கவனத் திறனும் அதற்கு அடுத்தவை. 2008ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், வரிசையாக எண்ணிட்ட பத்துக் கட்டங்களில் காய் நகர்த்தும் ஆட்டத்தை, சுமார் 15 நிமிடம் வீதம் நான்கு முறை ஆடிய ஏழைக் குழந்தைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது.

திருவனந்தபுரத்தின் அனுபவம்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தார் உருவாக்கி 1991ல் வெளியிட்ட அட்டவணை, இரண்டு வயது வரையிலான வளர்ச்சியைப் பதினேழே அம்சங்களால் கணிக்கிறது. எளிய கருவியைக் கொண்டு களப்பணியாளரே குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும். 2020ல் கொள்ளைநோயால் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது, விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியின் ‘கிளிக்கொஞ்சல்’ நிகழ்ச்சி முன்பருவக் கல்வியை இல்லத்திற்கே கொண்டு சென்றது. அருகமர்ந்து ஆடவும் பேசவும் ஒருவர் இருந்தாலன்றி, இத்தகைய நிகழ்ச்சியின் முழுப்பயன் குழந்தைக்குக் கிட்டாது.

செய்யவேண்டியது

தரையில் சுண்ணக்கட்டியால் பத்துக் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடுவதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் நேரம் தேவை. நாட்கூலிக்குச் செல்லும் தாயிடம் மிகக் குறைவாக இருப்பதும் அதுவே. ஆகவே முழுப் பொறுப்பையும் அவர்மீது சுமத்துதல் தகாது. தந்தையும் பங்கேற்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எண்ணறிவு எய்தச் செய்யும் ‘நிபுண் பாரத்’ இயக்கம் 2021ல் தொடங்கப்பட்டது. அதன் அடித்தளம் பள்ளிக்கு முன்பே இடப்படுகிறது. 1975ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள், தாய்மார் கூட்டங்களில் சத்துணவைப் பற்றி விளக்குவது போலவே எண் விளையாட்டுகளையும் செய்து காட்டினால், குழந்தைகளுக்கிடையே வறுமை தோற்றுவிக்கும் இடைவெளி முதல் வகுப்பிற்கு முன்பே குறைய வழி பிறக்கும்.